நான்கு விநாடிக்கு ஒரு வாக்கியம்

அக்கா கடையில் மயங்கி விழுந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது வெண்கலம் வெள்ளரிக்காயின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தாள்.

வெண்கலம் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அழுதால் தெருக்கோடி வரைக்கும் கேட்குமாம். வெண்கலத் தொண்டை, வெண்கலத் தொண்டை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை உதிர்ந்துபோய் வெண்கலம் மட்டும் நின்றுவிட்டது. அந்தத் தொண்டைதான் இப்போது அவளுக்குச் சோறு போடுகிறது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய ஒரு சின்ன அறை. மின்விசிறி போட்டால் சத்தம் பதிந்துவிடும் என்று அதுவும் கிடையாது. அதற்குள் நின்று, யார் யாரோ நடத்துகிற சேனல்களுக்கு முகம் காட்டாமல் குரல் கொடுப்பது அவள் தொழில். சிமெண்ட், மெத்தை, முடி வளர்க்கும் எண்ணெய் என்று எதையெல்லாமோ விற்றுக் கொடுத்தாயிற்று. கொஞ்ச காலமாக உடம்பை இளைக்க வைக்கும் வழிகள். தொப்பையைக் கரைக்க உலகத்தில் இத்தனை வழி இருக்கிறதா என்று அவளே வாயைப் பிளந்திருக்கிறாள்.

ஆறு மணிக்கு மேல் ஒரு பருக்கைகூட வாயில் வைக்காதீர்கள் என்பாள். உப்புக்கு இன்றே விடை கொடுங்கள் என்பாள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் வியர்வையோடு கொழுப்பும் வழிந்துவிடும் என்பாள். இதையெல்லாம் எழுதித் தருகிற மகானுபாவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. காகிதம் வரும், படிப்பாள். படித்து முடித்ததும் எதிர்த்த கடையில் வெண்ணெய் தடவிய பன்னும் டீயும். அவள் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் செய்ததில்லை. மெத்தை விளம்பரத்துக்குக் குரல் கொடுத்ததற்காக அந்த மெத்தையிலா போய்ப் படுத்தாள்?

எடிட்டர்தான் கதவைத் திறந்தார். மேசையில் தொப்பை இடிக்க உட்கார்ந்துகொண்டு தொப்பை கரைக்கும் வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற மனிதர். "ஏம்மா, உன் போன் விடாம அடிக்குது" என்று நீட்டினார்.

அத்தான் பேசினார். "உங்க அக்கா கடையில விழுந்துட்டாம்மா. தலையில அடி. பேச்சு சரியா இல்ல. நீ உடனே வா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் அக்காவின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கீழே வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"கடைசியா எப்ப சாப்பிட்டாங்கன்னு டாக்டர் கேக்கறாங்க. எனக்குத் தெரியல. ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியல. கேட்டா கடையில சாப்பிட்டேன்னு சொல்லுவா. நானும் சரின்னு விட்டுட்டேன்."

அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃப்ரேம் எடுத்துக் கொடுத்து, காதில் சரியாக உட்காருகிறதா என்று பின்னால் நின்று பார்த்து, வளைத்து நிமிர்த்திக் கொடுப்பாள். அந்தக் கையில் ஒரு நிதானம் உண்டு. ஃப்ரேம் குத்துகிறது என்று திரும்பி வந்தவர்கள் குறைவு. இந்த வருடத் தொடக்கத்தில் கடை முதலாளி ஒரு நகைச்சுவை சொன்னார். "கஸ்டமர் ஃப்ரேமைப் போட்டுக்கிட்டு நிலைக்கண்ணாடியைப் பாத்தா, பின்னாடி நீதான் முழுக்கத் தெரியறே. அவங்க மூஞ்சிய அவங்களே தேட வேண்டியிருக்கு." கடையே சிரித்தது. அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அக்கா கேட்கவில்லை. கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள். அடுத்த வாரமே அவளை லென்ஸ் தேய்க்கிற பின்னறைக்கு அனுப்பிவிட்டு, முன்னால் ஒரு ஒல்லிப் பெண்ணை நிறுத்தினார்கள்.

இதை அக்கா வெண்கலத்திடம் சொன்னாள்தான். "அவன் கெடக்கான் விடுக்கா" என்று வெண்கலம் விட்டுவிட்டாள். அக்கா விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் போனில் உடம்பு இளைக்க வழி தேடினாள். முதலில் வந்து நின்றது தங்கையின் குரல்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அக்கா மசிந்திருக்க மாட்டாள். அவள் எதையும் லேசில் நம்புகிற ரகம் இல்லை. காய்கறிக்காரரிடம் ஒரு தக்காளியை உருட்டி உருட்டிப் பார்த்து அவர் பொறுமையைச் சோதிப்பவள். ஆனால் இது கூடப் பிறந்தவள் குரல்.

அக்கா இளைத்தாள். ஊரும் உறவும் வாயாரப் புகழ்ந்தது. அத்தான் கல்யாணப் போட்டோவைத் தூசி தட்டி எடுத்து வைத்து, இதுல இருக்கிறவ திரும்பி வந்துட்டா என்று பூரித்துப்போனார். வெண்கலம் மட்டும் சும்மா இருந்தாளா? "அடேயப்பா, என் துணியெல்லாம் உனக்குப் பத்தும் போலிருக்கேக்கா" என்று கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். சுற்றி நின்றதும் அக்கா சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாம் உன் புண்ணியம்டி" என்றாள். அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வெண்கலம் காபி கேட்டாள்.

இப்போது வார்டுக்குள் நுழைந்தபோது கட்டிலில் இருந்தது யார் என்று ஒரு நொடி தெரியவில்லை. நெற்றியில் கட்டு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கை வரைக்கும் சரிந்தது. இதைத்தான் எல்லாரும் அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தோமா?

நர்ஸ் டிரிப்ஸ் பாட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இதுல என்ன இருக்கு?" என்று அக்கா குழறலாகக் கேட்டாள்.

"உப்புத் தண்ணிம்மா. உங்க ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிடுச்சு."

அக்காவின் மறுகை உடனே ஊசியைப் பிடுங்கப் போனது. அத்தான் செருப்புப் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"உப்பு வேண்டாம். இத்தனை நாள் கட்டுப்பாடா இருந்தது வீணாப் போயிடும். நீ சொல்லுடி இவங்களுக்கு. நீதானே சொன்னே?"

"நான் எப்பக்கா சொன்னேன்?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "உப்பு உங்கள் உடலின் எதிரி. இன்றே விடை கொடுங்கள்." வெண்கலம் எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் இழுப்பாளோ அப்படியே. பிறகு மழைக்கோட்டைப் பற்றிச் சொன்னாள். அதைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் நடந்தாளாம். ஆறு மணிக்கு மேல் வெந்நீர் தவிர ஒன்றும் கிடையாதாம்.

"அக்கா, தலை சுத்தலையா உனக்கு? ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே நீ!"

"சுத்துச்சே. தினமும் சுத்துச்சு." அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "'தலை சுற்றினால் பயப்படாதீர்கள். கொழுப்பு கரைகிறது.' அதைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. இன்னைக்கும் சுத்துச்சு. நல்லதுக்குத்தான்னு பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அந்த வாக்கியம் காகிதத்தில் வந்ததில்லை.

அது இப்படி நடந்தது. ஒரு நாள் பேச்சு முடிந்த பிறகும் படம் முடியவில்லை. கடற்கரையில் ஒரு பெண் ஓடிக்கொண்டே இருந்தாள். "ஏம்மா, நாலு விநாடி ஊமையா ஓடுது, எதையாவது போட்டு நிரப்பிடு" என்றார் எடிட்டர். தொழிலில் இது சகஜம். வழக்கமாக, மறக்காமல் பாருங்கள், தோழிகளுக்கும் சொல்லுங்கள் என்று எதையாவது சொல்லி நிரப்புவாள். அன்று விடிந்ததும் கிளம்பி வந்ததில் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. காற்றில்லாத அறையில் நின்று நின்று அவளுக்கே தலை சுற்றியது. அதனால் வாயில் அதுதான் வந்தது. தலை சுற்றினால் பயப்படாதீர்கள், கொழுப்பு கரைகிறது. நான்கு விநாடிக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. "அடி சக்கை! எழுதிக் கொடுத்ததைவிட நல்லா இருக்கே" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எடிட்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவளும் பெருமையோடு இறங்கிப் போய் ஒன்றுக்கு இரண்டாகப் பன் வாங்கிச் சாப்பிட்டாள்.

"அக்கா, அது பொய்க்கா" என்றாள் இப்போது. "அது நானா சும்மா சொன்னது. அதுல ஒண்ணும் உண்மையில்ல. தயவுசெஞ்சு இந்த ஊசிய விடு, ஏதாவது சாப்பிடு."

பயத்தில் குரல் கீச்சென்று மேலே ஏறியது. அக்கா அவளை உற்றுப் பார்த்துவிட்டு, பாவம் என்பதுபோலச் சிரித்தாள்.

"மூக்கால பேசறே."

வெண்கலத்துக்குத் தெரியும், இது பழைய வழக்கு. சின்ன வயதில் அவள் எந்தப் பொய் சொன்னாலும் குரல் மூக்குக்கு ஏறிவிடும். டம்ளரை உடைத்தது பூனை என்றாலும் சரி, பரீட்சை சுலபம் என்றாலும் சரி, வீட்டில் மற்றவர்கள் நம்பிவிடுவார்கள், அக்கா ஒருத்திதான் பிடிப்பாள். மூக்கால பேசாதடி என்பாள். பிடிப்பாளே தவிர, ஒரு தடவைகூடக் காட்டிக்கொடுத்ததில்லை.

"நானும் முதல்ல சந்தேகப்பட்டேன்டி" என்றாள் அக்கா. "காசுக்காக எதையாவது பேசறாளோன்னு. அதனால காதுல வச்சுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு இடத்துல, ஒரே ஒரு இடத்துலயாவது உன் குரல் மூக்குக்கு ஏறுதான்னு பாத்தேன். ஏறவே இல்ல. இப்பத்தான் ஏறுது. இவங்க உன்னை மிரட்டிப் பேசச் சொல்றாங்க, எனக்குத் தெரியாதா?"

கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் அவள் கையை விடவில்லை.

டாக்டர் வெளியே அழைத்துப் பேசினார். வயதில் வெண்கலத்தைவிடச் சின்னவர், களைத்துப்போயிருந்தார். "இன்னைக்குத் தப்பிச்சிட்டாங்க. ஆனா இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. உப்பு மெதுவா ஏறணும், கொஞ்சம் கொஞ்சமா சாப்பாடும் உள்ள போகணும். எத்தனை நாளைக்குக் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏத்தறது? இதே மாதிரி இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா, எழுப்பிடுவோம்னு என்னால உறுதி சொல்ல முடியாது. யார் சொன்னா கேப்பாங்க?"

அத்தான் வெண்கலத்தைக் காட்டினார். "இவ சொன்னாத்தான்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"சொன்னேன் டாக்டர், நம்பல" என்றாள். சொல்லும்போதே அதுவும் மூக்கில்தான் வந்தது.

படிக்கட்டில் நின்று எடிட்டருக்குப் போன் போட்டாள். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லுங்கள் சார் என்று கெஞ்சினாள். காரணத்தையும் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"எடுக்கச் சொல்றேம்மா. ஆனா அந்தத் துண்டை மட்டும் வெட்டி யார் யாரோ போட்டுட்டிருக்காங்க. அது நம்ம கையை விட்டுப் போயாச்சு." பிறகு தயங்கிவிட்டு, "நான்தானே நிரப்பச் சொன்னேன்" என்றார்.

வெண்கலம் போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது, புரிந்ததில் அவமானமாகவும் இருந்தது. அவளுடைய பொய் உண்மையின் குரலில் போய்ச் சேர்ந்துவிட்டது. உண்மையை இப்போது பொய்யின் குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தொழிலுக்கு வந்த புதிதில் அந்த மூக்கைப் போக்கத்தான் எடிட்டர் அவளைப் பாடாய்ப் படுத்தினார். வயித்துலேர்ந்து பேசும்மா. விலாவுக்குக் கீழ கை வச்சுக்கோ. சிரிச்சுக்கிட்டே பேசு, சிரிப்பு குரல்ல தெரியும். முகத்தை யார் பாக்கப் போறா?

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் கஞ்சிக் கிண்ணம் ஆடை படிந்து இருந்தது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். வெண்கலம் தலைமாட்டில் போய், அக்கா கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றாள். விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினாள். உதட்டை இழுத்துச் சிரிப்பை வரவழைத்தாள்.

"வணக்கம் தோழிகளே."

சேனலின் வணக்கம் அது. வார்டு முழுக்க நிறைந்தது. அக்காவின் தோள் அசைந்தது.

"தலை சுற்றினால் பயப்படாதீர்கள் என்று நான் ஒரு நாள் சொன்னேன். எந்த மருத்துவரும் அதைச் சொல்லவில்லை. யாரும் எழுதியும் தரவில்லை. படம் நான்கு விநாடி நீளமாக இருந்தது. அதை நிரப்புவதற்காக நானே இட்டுக்கட்டினேன். அன்று எனக்கும் தலை சுற்றியது. காரணம் பசி. சொல்லி முடித்ததும் வெளியே போய் வெண்ணெய் தடவிய பன் சாப்பிட்டேன். சுற்றல் நின்றுவிட்டது."

கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. சிரிப்பு கலையவில்லை, குரல் ஓர் இழைகூட நடுங்கவில்லை. தன் தொழில் தனக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது அந்த நிமிடம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அத்தான் வாயில் துண்டை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"தலை சுற்றினால் பயப்படுங்கள். உட்காருங்கள். சாப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். உப்பு உங்கள் எதிரி இல்லை. உங்கள் எதிரி நான்தான்."

அக்கா கண்ணை மூடியபடியே இருந்தாள். காதுதான் வேலை செய்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

முதலிலிருந்து சொன்னாள். ஒரு சொல் மாறவில்லை.

"பன்னா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. ரெண்டு."

அக்கா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். ஈர முகத்தையும் அதன் மேல் ஒட்டியிருந்த சிரிப்பையும் பார்த்தாள்.

"நான் வெறும் வெந்நீரைக் குடிச்சுக்கிட்டு உன் பேச்சைக் கேட்டுட்டிருந்தேன். நீ பன் தின்னுட்டிருந்தே."

அடித்திருந்தால்கூடத் தேவலை என்று வெண்கலத்துக்கு இருந்தது.

"அந்தக் கஞ்சிய எடு" என்றாள் அக்கா. "மூஞ்சிய அப்படி வச்சுக்காதே. பாக்கச் சகிக்கல."

வெண்கலம் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிய முதல் கரண்டிக் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் அக்கா திணறினாள். அத்தான் முதுகை நீவிவிட்டார். விழுங்கினாள். இரண்டாவதை அவளே கை நீட்டி வாங்கினாள்.

அந்த நேரத்தில்தான் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற பெண் கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். ஒடிசலான பெண். அவளிடம் இளைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"இங்க யாரோ வணக்கம் தோழிகளேன்னு சொன்னாங்களே. அந்தக் கோடியில தட்டு கொடுத்துட்டிருந்தேன், காதுல விழுந்துச்சு. முடிச்சுட்டு ஓடி வரேன். அந்த மேடம் இங்க வந்திருக்காங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே சந்தோஷமாகத் தொடர்ந்தாள்.

"தினமும் கேப்பேங்க. அவங்க சொன்னபடிதான் எல்லாம். ஒரு வாரமா எனக்கும் தலை சுத்துது. பாத்தா சொல்லணும்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே உள்ளே வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா சுவரைப் பிடித்த அதே பிடி.

வெண்கலம் எழுந்தாள். விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். சிரிப்பு வரவில்லை. எங்கே தேடியும் வரவில்லை.

"நான்தாங்க அது" என்றாள். "அது பொய்ங்க. தலை சுத்தினா நல்லதில்ல. நீங்க முதல்ல உக்காருங்க, ஏதாவது சாப்பிடுங்க." அத்தனையும் மூக்கில் வந்தது, கீச்சுக் கீச்சென்று.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். மரியாதைக்குச் சிரித்தாள்.

"நீங்க இல்லைங்க. அவங்க குரல் வேற. போன்ல யாரோ போட்டுக் கேட்டிருப்பாங்க போல." திரும்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சக்கரம் கிறீச்சிடும் சத்தம் வராந்தாவில் தேய்ந்துகொண்டே போனது.

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"என்னடி நிக்கறே, போ. பின்னாலயே போ."

"அவங்க நம்பலையேக்கா."

"நான் இதைச் சாப்பிட்டுக்கறேன். நீ போ."

வெண்கலம் ஓடினாள். வயிற்றில் கை வைக்கவும் சிரிக்கவும் நேரமில்லை. வராந்தாவில் கால் வைத்ததும், தெருக்கோடி வரைக்கும் கேட்குமே அந்தத் தொண்டையைத் திறந்து "நில்லுங்க!" என்று கத்தினாள்.

வராந்தாவின் அந்தக் கோடியில் தள்ளுவண்டி நின்றது.